தலைக்கு எவ்வளவு?

ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. கால்குலேட்டர் வேண்டாம், மனக்கணக்கே போதும்.

நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கத்தில் போதமலை என்று ஒரு மலை. மேலே கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று கிராமங்கள். சுதந்திரம் வந்து எழுபது வருஷம் தாண்டியும் ரோடு கிடையாது. ரேஷன் அரிசியோ, சிமென்ட் மூட்டையோ, எதுவானாலும் தலைச்சுமைதான். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், கழியில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, அதில் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து அடிவாரத்துக்கு இறக்குவார்கள். ஆம்புலன்ஸ் எல்லாம் அதற்கப்புறம்தான்.

சில வருஷங்களுக்கு முன் இந்த மலைக்கு ரோடு போட அரசு பணம் ஒதுக்கியது. முப்பது கிலோமீட்டர் சொச்சம். செலவு ஏறக்குறைய 140 கோடி. அங்கே வாக்காளர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். குழந்தை குட்டிகளைச் சேர்த்து இரண்டாயிரம் பேர் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம்.

வகுத்துவிட்டீர்களா? தலைக்கு ஏழு லட்சம்.

இப்போது உங்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். ‘அந்த ஏழு லட்சத்தைக் கையில் கொடுத்துக் கீழே கொண்டுவந்து குடிவைத்துவிட்டால் முடிந்ததே, சார்!’ இதைச் சொல்வதற்குக் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. கணக்கு தெரிந்தவராக இருந்தால் போதும். நானும் பி.காம். படித்தவன். ஒரு பொருளைத் தயாரிக்க யூனிட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்துதான் எங்களுக்கு டிகிரியே கொடுத்தார்கள்.

அதே கணக்கை இன்னொரு இடத்தில் போட்டுப் பார்க்கலாம். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர். மதிப்பீடு 63,246 கோடி. கிலோமீட்டருக்கு 530 கோடி சொச்சம். அதாவது போதமலைக்கு ஒதுக்கிய பணத்தில் சென்னையில் சுமார் 260 மீட்டர் மெட்ரோ போடலாம். ஒரு சிக்னலிலிருந்து அடுத்த டீக்கடை வரை.

‘அதில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் போவார்கள், இது நியாயமான ஒப்பீடே இல்லை’ என்பீர்கள். சரிதான். தலைக்கு என்று வகுத்தால் மெட்ரோதான் ஜெயிக்கும். ஆனால் எங்கள் பாடப்புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பெயரைக் கேட்டு பயப்படாதீர்கள். பசித்தவனுக்கு முதல் இட்லி தரும் சுகத்தைப் பத்தாவது இட்லி தராது, அவ்வளவுதான் விஷயம். சென்னைக்காரருக்கு மெட்ரோ வராவிட்டால் பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, மின்சார ரயில் இருக்கிறது. போதமலைக்காரருக்கு அந்த ரோடு முதல் இட்லி. வகுத்தல் கணக்குக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அதற்கு எல்லா இட்லியும் ஒன்றுதான்.

குடிபெயர்க்கும் யோசனைக்கும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் முதல் மாடி வரை தண்ணீர் நின்றபோது, ஏரி இருந்த பகுதி என்று தெரிந்தும், ‘வெள்ள வடிகாலுக்குக் கோடிகோடியாய்க் கொட்டுவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து எல்லோரையும் மேட்டுக்கு அனுப்பிவிடலாம்’ என்று யாராவது கணக்கோடு வந்தார்களா? வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வீடு என்பது வெறும் செலவுக் கணக்கல்ல என்று நமக்கு நம் வீட்டு விஷயத்தில் உடனே புரிந்துவிடுகிறது.

அதற்காக, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவரவில்லை. பணம் வானத்திலிருந்து கொட்டுவதில்லை. 140 கோடி ஒரு மலைக்குப் போனால் அந்த அளவுக்கு வேறெங்கோ ஒரு பிரசவ வார்டோ, டயாலிசிஸ் மெஷினோ தள்ளிப்போகலாம். அங்கே காத்திருப்பவரும் ஏழைதான். அவருக்கு இரக்கம் மட்டும் பதிலாகாது. பதிலுக்கு ஒரு நியாயம் வேண்டும்.

அந்த நியாயத்தை அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. 1943-ல் வெள்ளைக்கார அரசு சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டது. 1946-ல் வந்த அவர்களுடைய அறிக்கையின் அடிநாதம், காசு கொடுக்க முடியவில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக்கூடாது என்பது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஆரம்பம் அதுதான். பிற்பாடு வந்த விதிமுறைகளைப் பாருங்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கே ஒன்று. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு. மலையில் 3,000 பேருக்கு. அப்படியானால் என்ன அர்த்தம்? தூரத்தில் இருப்பவருக்குத் தலைக்கு அதிகம் செலவாகும், அது தெரிந்தேதான் செய்கிறோம் என்று அர்த்தம். ஒரு மட்டம் வரை எல்லோருக்கும், என்ன விலையானாலும். அதற்கு மேலே வேண்டுமானால் கணக்கு பார்ப்போம். இதயமாற்று சிகிச்சை ஒவ்வொரு மலையிலும் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிரசவ வலி எடுத்தால் ஒரு வண்டி வரவேண்டும், பாம்பு கடித்தால் ஊசி போட ஆள் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த 20,000, 3,000 எல்லாமே மறுபடியும் தலைக்கணக்குதானே என்கிறீர்களா? ஆமாம். மூவாயிரத்துக்கும் குறைவாக இருப்பவர் கதி என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை. இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. கீழே இருக்கும் எண், அதாவது எத்தனை தலை என்பது, தானாக அமைவதில்லை. நோயாளிகள் வருவதில்லை என்று நர்ஸை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். நர்ஸ் இல்லையே என்று நோயாளிகள் வரமாட்டார்கள். அடுத்த வருஷம் கணக்கு பார்த்தால் வருகை இன்னும் குறைந்திருக்கும், தலைக்கு ஆகும் செலவு இன்னும் ஏறியிருக்கும். வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்க கிராமத்தில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1971-லேயே இதன் அண்ணன் முறையான ஒரு விதியை எழுதிவைத்தார். வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கும் என்பது அதன் சாரம். இலவச வைத்தியம் இருந்த நாட்டிலேயே இதுதான் நிலைமை.

தலைக்கணக்கே பார்க்காத ஒரு துறையும் நம் நாட்டில் இருக்கிறது. தேர்தல். அருணாசலப் பிரதேசத்தில் மாலோகம் என்ற இடத்தில் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காக 2019-லும் 2024-லும் அதிகாரிகள் மலையேறிப் போய் வாக்குச்சாவடி அமைத்தார்கள். நாம் எல்லோரும் பேப்பரில் படித்துப் பெருமைப்பட்டோம். ‘ஒரு ஓட்டுக்கு எத்தனை ரூபாய்?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். போதமலைக்கும் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்கள் தலைச்சுமையாகவே போயின. மெஷின் ஏறிய அதே பாதையில்தான் தூளி இறங்கியது.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸால் மலையேற முடியவில்லை. மிச்ச தூரத்தைத் தாய் பிள்ளையின் உடலைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பாம்புக்கடியை விதி என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். மருந்து கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துக் கொடுப்பதே நம் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம்தான், 1978-லிருந்து. பழங்குடி மக்கள் கையால் எடுத்த விஷம் மருந்தாகி நாடெங்கும் போகிறது. அது திரும்பி ஒரு மலையேறுவதற்குத்தான் வழியில்லை.

நிதி ஒதுக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? எதற்கு ஒதுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. நம் அரசியலுக்குக் கட்டடம் பிடிக்கும். ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். ஒரு நர்ஸுக்கு ரிப்பன் கட்ட முடியுமா? ஆனால் தமிழ்நாட்டில் நிஜமாகவே மாற்றம் கொண்டுவந்த காரியங்கள் பல கண்ணுக்குத் தெரியாதவை. 2000-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மூன்று மூன்று நர்ஸ்களைப் போட்டார்கள். ஆளுக்கு எட்டு மணி நேரம். அதற்கு முன் சாயங்காலமானால் கதவு சாத்திய இடங்களில் ராத்திரி விளக்கு எரிந்தது. குழந்தை ஆபீஸ் நேரம் பார்த்துப் பிறப்பதில்லை என்பது அரசாங்கத்துக்கு ஒருவழியாகப் புரிந்தது. கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்குத் தைரியமாக வர ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம். மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். பேங்க் பாஸ்புக் மாதிரியேதான். இந்த வருஷம் உங்களுக்கு இவ்வளவு, எடுக்க எடுக்க இருப்பில் கழியும். எந்த மருந்து வேண்டும் என்பதை மெட்ராஸில் இருப்பவர் முடிவு செய்யவேண்டாம், அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு குக்கிராமத்து டாக்டர் கெஞ்சவேண்டியதில்லை, அவர் கணக்கில் பணம் இருக்கிறது. வேறு பல மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் இதைப் பின்பற்றின. காமர்ஸ் படித்தவன் பெருமைப்பட வாழ்க்கையில் வேறென்ன வேண்டும்?

அந்தப் பெருமையோடு கணக்கில் ஒரு குறையையும் சொல்லவேண்டும். ‘சிக்கனம்’ என்று நாம் சொல்வதில் பாதி, செலவை இன்னொருவர் நோட்டுக்கு மாற்றி எழுதுவதுதான். மலையில் பிரசவம் பார்ப்பது கஷ்டம், அதனால் தேதி நெருங்கும்போது கர்ப்பிணிகள் முன்னாலேயே வந்து தங்க சில இடங்களில் காத்திருப்பு அறைகள் கட்டினார்கள். நல்ல யோசனை, உயிர் காக்கும் யோசனை. ஆனால் மூத்த பிள்ளையை, ஆடு மாட்டை யார் பார்த்துக்கொள்வது? கூடவரும் அம்மாவின் கூலி? அந்த வரி எந்த பட்ஜெட்டிலும் இல்லை. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது நியமிக்கப்பட்ட ஆஷா பெண்களை அரசு ஊழியர் என்று சொல்லாமல் தன்னார்வலர் என்றார்கள். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்களும் தன்னார்வலர்கள்தான். வாங்குவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். மலையேறுகிறவரின் காலில் அரசு மிச்சம் பிடிக்கிறது.

ஆக, தலைக்கு ஏழு லட்சம் என்பது ஒரு நோட்டில் மட்டும் பார்த்த கணக்கு. மறு நோட்டு போதமலையில் இருந்திருக்கவேண்டும். ஒரு தூளிக்குக் குறைந்தது நாலு பேர், மாற்றுத் தோளுக்கு இன்னும் நாலு பேர். இறங்கி, மறுபடி ஏறி வர முழு நாள். எட்டுப் பேருக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது. இதை எழுபது வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். இதற்கு மனக்கணக்கு போதாது, கால்குலேட்டரே எடுத்துக்கொள்ளலாம்.