மருத்துவரிடம் மறைக்கும் பாவம்

பச்சையாக எரியும் மத்தாப்பில் சேர்ப்பது பேரியம் நைட்ரேட். நம் சிவகாசியில் அதையும் 'மருந்து' என்றுதான் சொல்கிறோம்! பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

அந்தத் தூள் அதிகமாக உள்ளே போய்விட்டால், செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். கை கால் தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். சிகிச்சை உண்டு: பொட்டாசியத்தையே ஏற்றுவார்கள். ஆனால் என்ன விஷம் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டுமே!

வழக்குக்குப் பயந்து, "சாப்பாடு சேரவில்லை" என்று சொல்லித் தொழிலாளியைச் சேர்த்துவிட்டு வரலாமா? "விரும்பித்தானே வேலைக்கு வந்தார்" என்பது இதற்குப் பதிலாகாது. வேலைக்குத்தான் சம்மதித்தார், இந்தப் பொய்க்கு அல்ல. சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று ஓதி வளர்ந்தவர்கள் நாம். முதலாளியோ ஃபோர்மேனோ, முதலில் மருத்துவரிடம் பேரியம் என்று சொல்லுங்கள். வழக்கைப் பிறகு பார்க்கலாம்.