வாசலில் நிற்கும் சகோதரி

மதீனாவில் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்றொரு ஸஹாபிப் பெண்மணி இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்களே. அதைப் போல 'நம்லா' என்னும் நோய்க்கு ஓதிப் பார்ப்பதையும் ஹஃப்ஸாவுக்குக் கற்றுக் கொடுக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களிடம் கேட்டதாக அபூதாவூதில் வருகிறது. நோயாளியைக் கவனிப்பது ஒரு தொண்டு. நோயைப் பற்றிப் பிறருக்குக் கற்பிப்பது வேறொரு தொண்டு.

இந்த இரண்டாவது தொண்டுக்கு நம்மிடம் மரியாதை குறைவு. ஊசி போடுகிறவர் நமக்கு டாக்டரம்மா. அந்த ஊசி எதற்கென்று சொல்ல வருகிற பெண்ணையோ, "வீட்டில் ஆண்கள் இல்லை" என்று கதவிடுக்கு வழியாகவே அனுப்பி விடுகிறோம்.

இதற்கு என்ன விலை கொடுத்தோம்? 2002-ல் நம் நாட்டில் 1,600 பேரைப் போலியோ தாக்கியது. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அங்கும் முஸ்லிம் பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சொட்டு மருந்து குடித்தால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இராது என்று வதந்தி. 1976-ல் கட்டாயக் கருத்தடையைக் கண்ட பகுதி அது. ஆகவே அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் முடமானது யாருடைய கால்?

அதை மாற்றியது போலீஸ் அல்ல. யூனிசெஃப் ஏற்பாட்டில் அந்தந்த மஹல்லாப் பெண்களே வீடு வீடாகப் போனார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பதிவு செய்தார்கள். மறுத்த வீட்டுக்கு மறுபடியும் போனார்கள். கை கழுவுவதையும் தாய்ப்பாலையும் பற்றிப் பேசினார்கள். ஆலிம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2011 ஜனவரி 13-ல் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு நோய் கண்டது, இயற்கையான (வைல்டு) போலியோ வைரஸால் வந்ததில் அதுவே கடைசி. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

"அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்பார் சிலர். ஷாமில் கொள்ளைநோய் என்று கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்க, ஆம், அவன் விதியிலிருந்து அவன் விதிக்கே போகிறோம் என்றார்கள். அவர்களை விடவா நமக்குத் தவக்குல் அதிகம்?

இந்த வேலைக்குப் போகும் நம் பெண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் கண்டதை அடுத்த வீட்டில் பேசாதீர்கள், அது அமானத். தெரியாததைக் கேட்டால், டாக்டரிடம் கேட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அந்த உம்மாமார் உங்களை நம்பித்தான் பிள்ளையின் வாயைத் திறந்து காட்டுகிறார்கள்.