பென்சில் கோடு

பாஸ்கா திருவிழிப்பு அன்று எங்கள் பங்குச் சாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாஸ்கா புகழுரையை என்னைப் பாடச் சொன்னார். லத்தீனில் எக்சுல்தெத் என்பார்களே, அந்த நீண்ட பாடல். தாளில் இரண்டு இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். குருவோ திருத்தொண்டரோ அல்லாதவர் பாடினால் மக்களை வாழ்த்தும் சொற்களை விட்டுவிட வேண்டும். ஆண் பொதுநிலையினருக்கும் இதே விதிதான். ஆனால் அவர்களில் ஒருவர் திருத்தொண்டராகலாம், நான் ஆக முடியாது. விட்டுவிட்டுத்தான் பாடினேன். கோவிலில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் மூச்சு இடறியது.

கீழ்ப்படிந்தது சரியா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஹில்டெகார்டை நினைத்துக்கொள்வேன். ஜெர்மனியில், ரைன் கரையில், ரூபர்ட்ஸ்பெர்க் மடத்தின் தலைவி. லத்தீனில் பாடல் எழுதி இசையமைத்தவர். (அவர் மடத்தில் உயர்குடிப் பெண்களுக்கு மட்டுமே இடம் என்பதையும் மறக்க எனக்கு மனமில்லை.) 1178இல், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஒருவரை மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்தார். அந்த மனிதர் சாகும் முன்பே சமரசமாகிவிட்டார் என்பது அவர் வாதம். பேராயர் ஊரில் இல்லாத நேரம். மைன்ஸ் நகரத்து மேலிடத்தார் உடலைத் தோண்டி எறியச் சொன்னார்கள். மறுத்தார். தண்டனையாக மடத்தில் பாட்டும் நற்கருணையும் நின்றன. திருப்பாடல்களைத் தாழ்ந்த குரலில் வாசிக்கலாம், அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது 80.

உடலைத் தோண்டவில்லை, பாட்டை மட்டும் நிறுத்தினார். இது எனக்குப் பல வருடம் கோபமாக இருந்தது. ஒன்றை மறுத்தவர் மற்றதை ஏன் ஏற்றார்? இப்போது இப்படித் தோன்றுகிறது: செத்தவரால் தனக்காகப் பேச முடியாது, அவர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேறு யாருக்கும் உரிமையில்லை. தன் குரலை விட்டுக்கொடுப்பது தன் பாடு. அதையும் அவர் சும்மா விடவில்லை. தக்க காரணமின்றி இறைபுகழை அடக்குபவர்களுக்கு விண்ணகப் பாடலில் பங்கிருக்காது என்று மேலிடத்துக்கே கடிதம் எழுதினார். 1179இல் தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை, உச்சக் குரலுக்குச் சிறுவர்கள் போதும் என்று பத்தாம் பயஸ் சொன்னது 1903இல்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அடங்கியது அவர் குரல் மட்டுமில்லையே. மடத்துச் சகோதரிகள் எல்லாருடைய குரலும்தான். அவர்களைக் கேட்டாரா?

நானும் கேட்கவில்லை. எங்கள் குழுவில் என்னோடு பதினோரு பெண்கள் பாடுகிறார்கள். அந்தக் கோட்டை அவர்களில் ஒருவருக்கும் நான் காட்டவில்லை. சாமியாரிடம் போவதற்கு முன், இந்த ஞாயிறு ஒத்திகையில் தாளை அவர்கள் நடுவில் வைக்கப்போகிறேன்.