நிலம் யாருக்குச் சொந்தம்?



பாகூர் ஏரித் தண்ணீரில் நாற்று நடுகிறவர்களுக்குத் தாங்கள் மிதிக்கிற சேறு ஒரு காலத்தில் யுத்தகளமாயிருந்தது என்ற நினைவு வருவதில்லை. 1752-ம் ஆண்டில் ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ் பிரெஞ்சுச் சேனையை முறியடித்தது இங்கேதான். 1761-ல் புதுச்சேரியே ஆங்கிலேயர் வசமாயிற்று. 1763-ம் ஆண்டு பாரீஸ் உடன்படிக்கையின்படி திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1778, 1793, 1803 ஆகிய ஆண்டுகளிலும் அதே கதை. 1816-ல்தான் பிரெஞ்சுக்காரர் கைக்கு நிலையாய் வந்தது. இத்தனை முறை கைமாறியும், ஏர் பிடித்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையில் விற்கிறபோது மாட்டைக் கேட்பாருண்டோ?

யூதர்களின் நாடும் அப்படியே தவித்தது. எகிப்தை ஆண்ட தாலமி வம்சமும் சீரியாவை ஆண்ட செலூக்கிய வம்சமும் கி.மு. 274 முதல் 168 வரை ஆறு யுத்தங்கள் செய்தன. அவற்றில் பெரும்பாலும் வழக்கு, யூதேயாவும் அதைச் சுற்றிய கடற்கரை நாடுமே. கி.மு. 200-ல் மூன்றாம் அந்தியோக்குஸ் பானியோன் என்ற இடத்தில் வென்றான். எருசலேமில் அவனுக்கு நல்வரவேற்பு. அவனும் வரியைக் குறைத்தான், முன்னோர் வேதத்தை அநுசரிக்க விட்டான்.

“நல்ல அரசன் கிடைத்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். போதாது. அவன் குமாரன் நாலாம் அந்தியோக்குஸ் கி.மு. 167-ல் அந்த வேதத்தையே தடை செய்து, தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தினான். தகப்பன் தயவாய்க் கொடுத்ததை மகன் கோபத்தில் பிடுங்கிக்கொண்டான். தயவு என்பது உரிமையல்லவே!

மக்கபேயர் எதிர்த்து நின்று, கி.மு. 164-ல் ஆலயத்தைச் சுத்திகரித்ததை நாம் வேதாகமத்தில் வாசிக்கிறோம். ஆனால் அதே குடும்பத்து யோவான் ஹிர்க்கானுஸ் பின்னாளில் இதுமேயரை ஜெயித்து, “விருத்தசேதனம் செய்துகொள்ளுங்கள், இல்லையேல் நாட்டை விட்டுப் போங்கள்” என்று கட்டாயப்படுத்தினான். அடிபட்டவன் கை ஓங்கினதும் அவனும் அடிக்கிறான். இதுதான் நாம் அஞ்சவேண்டிய இடம்.

நம் பக்கத்தில் இந்தப் பழைய வழக்கு வேறு விதமாய்த் தீர்ந்தது. 1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். குடியானவர் ஒவ்வொருவரையும் கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பீரங்கி முழங்கிய நாட்டில் வாக்குச் சீட்டு பேசியது சிறிய காரியமல்ல.

ராஜாக்களைக் குறை சொல்வது சுலபம். நம் வீட்டில் பாகப்பிரிவினை நடக்கும்போது என்ன செய்கிறோம்? அண்ணன் தம்பி உட்கார்ந்து கிரயமும் வரப்பும் பேசுகிறார்கள். அந்த வீட்டில் குடியிருக்கும் விதவைச் சகோதரியை, வாரத்துக்கு உழுகிறவனை, திண்ணையில் படுத்திருக்கும் வயதான தாயை யார் கேட்கிறார்கள்? பத்திரம் நமக்கு நிலத்தைத் தரலாம். அதன் மேல் வாழ்கிற மனிதரைத் தருவதில்லை. பூமி சர்வேசுரனுடையது, நாம் விசாரணைக்காரர் மாத்திரமே.

இந்த அறுப்புக்குப் பிறகு பாகம் பிரிக்கப்போகிறவர்கள், பத்திரம் எழுதுமுன் அந்தத் தாயை ஒரு வார்த்தை கேளுங்கள்.