பங்குக் கிணறு



போன வாரம் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்தேன். காட்டுக்காரர் சொட்டுநீர் டியூபின் கடைசி மூடியைக் கழற்றிவிட்டார். முதலில் காவி நிறத்தில் சேறு, பிறகு தெளிந்த தண்ணீர். "இல்லாட்டி அடச்சிக்கும் சாமி" என்றார்.

அந்த டியூபின் பூர்வீகம், இன்று வாசித்த தொடக்கநூல் 26-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு கிணறு தோண்டி அலைந்த பெயேர்செபா பக்கம். 1946 அக்டோபரில் ஒரே இரவில் யூதர்கள் அந்தப் பக்கத்து நெகேவ் பாலைவனத்தில் 11 குடியிருப்புகளை எழுப்பினார்கள்.  அதில் ஒன்று ஹட்செரிம். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை, மண்ணெல்லாம் உப்பு. போய்விடலாமா என்று வாக்கெடுப்பே நடந்தது. இருப்போம் என்றவர்கள் வென்றார்கள். நிலம் பொது, வருமானம் பொது, சாப்பாட்டுக் கூடமும் ஒன்றே. சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளரின் சொட்டுநீர் யோசனையை ஏற்று, 1965-இல் அந்த ஊரே சேர்ந்து அந்த டியூபைச் செய்யும் நெட்டாஃபிம் நிறுவனத்தைத் தொடங்கியது.

அவர்களில் பலர் தொழுகைக்கூடத்துக்கே போகாதவர்கள்; ஆனாலும் எல்லாவற்றையும் பொதுவாக வைத்தார்கள். தொடக்கத் திருச்சபையார் உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்தார்கள் என்று நாம் வாசகத்தில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அதே நெகேவில் பெதுவின் அரபு ஊர்கள் பல இன்றும் குழாய்த் தண்ணீர் இல்லாமல் கிடக்கின்றன, அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

சிறு, குறு விவசாயிகளான நமக்கு முழு மானியத்தில் டியூப் வந்தது. தண்ணீரும் மிச்சமானது. என்ன செய்தோம்? இன்னும் அரை ஏக்கர் சேர்த்து நட்டோம். பக்கத்துக்காரர் போர் போட்டால், நாம் அதைவிட நூறடி ஆழமாகப் போட்டோம். அண்ணனுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள் என்று தாத்தா முறை வைத்து இறைத்த பங்குக் கிணற்றில் இப்போது முள் கிடக்கிறது.

ஈசாக்கின் முதல் கிணற்றுக்கும் சண்டை, இரண்டாவதற்கும் சண்டை. அவர் விட்டுக்கொடுத்து நகர்ந்தார்; மூன்றாவதில் நிம்மதி கிடைத்தது. நகர்ந்துபோக அவருக்கு வெளி இருந்தது. நமக்கு வரப்புக்கு அந்தப் பக்கமே தம்பி நிலம்.

பங்குக் கிணறு உள்ளவர்கள் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முள்ளை எடுத்துவிட்டு மறுபடி முறை வைப்பது எப்படி என்று உட்கார்ந்து பேசுவோம்.