வழி மறந்தோரைக் காப்பதும் ஸதகாவே

வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி ஆரம்பம் செய்கிறோம்.



பாதையில் கிடக்கும் ஒரு பணப்பையை நாம் கண்டெடுத்தால் நமது மார்க்கம் என்ன கட்டளையிடுகிறது? அதன் அடையாளங்களை நன்கு மனத்தில் பதித்துக்கொண்டு, உரியவர் வருகிறாரா என்று ஓராண்டு காலம் அறிவிப்புச் செய்து வர வேண்டும் என்கிறது. ‘லுக்கத்தா’ என்னும் பெயரில் பிக்ஹு நூல்களில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. ஒரு பைக்கே இத்தனை கவனமென்றால், வீட்டை விட்டு வெளியேறி வழி தெரியாமல் நிற்கும் ஒரு மனிதருக்கு எத்தனை கவனம் வேண்டும்? அவர் ஒருவருடைய அத்தாவாக இருக்கலாம். ஒருவருடைய உம்மாவாக இருக்கலாம். வாய் திறந்து தன் பெயரைச் சொல்லத் தெரியாத பத்து வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவர்களைப் பற்றியே இன்று பேச நாடுகிறோம்.

முதலில் மறதி நோயை எடுத்துக்கொள்வோம். டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்பர். அறிந்திருந்தவன் ஒன்றுமே அறியாதவனாக ஆகிவிடும் தள்ளாத வயதைப் பற்றித் திருமறையின் நஹ்லு, ஹஜ்ஜு ஆகிய இரு சூராக்களிலும் கூறப்பட்டிருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களே அத்தகைய முதுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். நமது நாட்டில் 2018-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வு, அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று கண்டது. அதாவது, ஏறத்தாழப் பன்னிரண்டு முதியவரில் ஒருவர். ஜும்ஆவுக்கு வந்து முன் ஸஃப்பில் அமரும் பெரியவர்களை ஒருமுறை மனத்தால் எண்ணிப் பாருங்கள், கணக்கு விளங்கும்.

இந்நோயாளிகளில் பத்தில் ஆறு பேராவது ஒரு சமயம் வீட்டை விட்டுக் கிளம்பி விடுவார்கள் என்பது அமெரிக்க அல்ஜைமர் சங்கத்தின் கணிப்பு. ஏன் கிளம்புகிறார்கள்? நாம் நினைப்பதுபோல் காரணமின்றி அல்ல. மஸ்ஜித் இந்தியா சாலையில் நாற்பது வருஷம் கடை வைத்திருந்தவர், விடியுமுன் எழுந்து கடை திறக்கப் புறப்படுவார். கடை கைமாறி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். ராஜுலா கப்பலில் சிறுவனாக வந்திறங்கியவர், ஊருக்குப் போக வேண்டும் என்று கிள்ளான் துறைமுகம் நோக்கி நடப்பார். ராஜுலா 1973-லேயே தன் பயணத்தை முடித்துக்கொண்டு விட்டது. அவர் தமது மனத்திலுள்ள வழியில் சரியாகத்தான் போகிறார். அந்த வழிதான் இப்போது பூமியில் இல்லை. ஆகவே அவரை அதட்டிப் பயனில்லை. ‘அத்தா, வாருங்கள், தேநீர் அருந்திவிட்டுப் போகலாம்’ என்று கைபிடித்து அழைத்து வருவதே அறிவுடைமை.

அடுத்து, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இத்தகைய பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நான்கு வயதுக்குப் பின் ஒரு முறையாவது தப்பி ஓட முயன்றவர்கள் என்று தெரிய வந்தது. பெருஞ் சத்தத்துக்கு அஞ்சி ஓடுவதுண்டு. விருப்பமான ஒன்றைத் தேடி ஓடுவதும் உண்டு. தண்ணீரின் மேல் இவர்களுக்குத் தனிக் கவர்ச்சி. மரணத்தில் முடிந்த சம்பவங்களில் நீரில் மூழ்கியவையே அதிகம். எனவே பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் ஓடிப் பார்க்க வேண்டியது பக்கத்திலுள்ள பெருங்கால்வாயும், குளமும், ஆற்றங்கரையும்தான். கிள்ளான் ஆற்றோரம் குடியிருக்கும் நமக்கு இதைச் சொல்லவும் வேண்டுமோ?

சகோதரர்களே! உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவம் எய்தும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை அவர்கள் மீதிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. தொழுகை தவறினாலும், வாய்தவறி ஏசினாலும் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள்: எழுதுகோல் உயர்ந்தது அவர்மீதிருந்துதான், நம் மீதிருந்து உயரவில்லை. அவர் தமக்குத் தாமே செய்துகொள்ள இயலாத காவலை நாம் செய்தோமா என்பது நமது ஏட்டில் எழுதப்படும்.

‘காவல் என்றால் கதவைப் பூட்டி விடுகிறோம்’ என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இதற்கு விடை நமது ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியொன்றில் தீப்பிடித்தது. ஓடிப்போய் விடக்கூடாது என்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் அசைய வழியின்றி மாண்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் அனைவரும் கொடியவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். கையில் பணமில்லை, உதவிக்கு ஆளில்லை, அலைந்து திரிபவரைக் காக்க வேறு வழி தெரியவில்லை; இந்த மூன்றுமே பலரைச் சங்கிலியிடம் கொண்டு சேர்த்தன. பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் துஆவோடு டாக்டர் மருந்தும் கிடைக்க ஏற்பாடாயிற்று. அது முன்னமே நடந்திருக்கலாகாதா என்று நெஞ்சம் ஏங்குகிறது.

ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். முன்னெச்சரிக்கை செய்க என்பது அதன் பொருள். ஒட்டகத்தைக் கட்டலாம், பெற்ற தாயைக் கட்டலாமா? முதுமை எய்திய பெற்றோரிடம் சலிப்பின் சிறு சொல்லும் கூடாதெனத் தடுத்த மார்க்கம், சங்கிலியை எப்படி ஒப்பும்? ஆகவே சங்கிலியின்றிக் காக்கும் வழிகளைத் தேட வேண்டும். அவ்வழிகளுக்குப் பணம் தேவை. இங்குதான் நமது கடமை வருகிறது.

மற்ற நாட்டார் என்ன செய்தனர் என்று பாருங்கள். அமெரிக்காவில் காணாமற்போகும் மறதி நோயாளருக்காக 1994-லேயே அரசாங்கத் திட்டம் ஒன்று ஏற்பட்டது. பின்னர் ஆட்டிசம் உள்ள இரு சிறுவர்கள் இவ்வாறு வெளியேறி உயிரிழந்தனர். அவர்களின் பெயரால் 2018-ல் ‘கெவின் – அவோன்டே சட்டம்’ பிறந்தது. ஐந்து வருஷங்களுக்கு, வருஷத்துக்கு இருபது லட்சம் டாலர் வரை வழங்க அது அனுமதித்தது. பயிற்சிக்கும், இருப்பிடம் காட்டும் கருவிகளுக்கும் உரிய பணம் அது. உடலுக்குள் பதிக்கும் கருவி கூடாதென்றும் அச்சட்டம் தடுத்தது.

ஜப்பான் தேசத்தில் 2023-ஆம் ஆண்டு மட்டும் மறதி நோயால் காணாமற் போனதாகப் போலீசுக்கு வந்த புகார்கள் 19,000-க்கு மேல். அங்கே கோபே என்னும் நகரத்தார் 2019 முதல் ஒரு காரியம் செய்தனர். நகரவரியோடு ஆளுக்கு வருஷம் 400 யென் கூடுதலாக வசூலித்து, அதைக்கொண்டு மறதி நோயைக் கண்டறியும் பரிசோதனைக்கும், அந்நோயாளரால் நேரும் விபத்துக்கு நஷ்டஈட்டுக்கும் வழி செய்தனர். ஒவ்வொருவர் சுமப்பதும் சிறிது. ஒரு குடும்பத்தின் தலையில் விழவிருந்ததோ பெரிது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுவன்றோ?

இது நமக்குப் புதிதுமல்ல. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ல் கட்டிய மருத்துவமனை வக்பு வருமானத்தாலேயே நடந்தது. மனநோயாளருக்கும் அங்கே இடமிருந்தது. கோலாலம்பூரில் இந்திய முஸ்லிம்கள் 1863-ல் எழுப்பிய மஸ்ஜித் இந்தியாவும், அதன் பின் நாடெங்கும் எழுந்த நமது பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் சிறு சிறு காசால் ஆனவையே.

எந்தப் பணத்தை எதற்குக் கொடுப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். ஜக்காத் எட்டு வகையினருக்கே உரியது. நோய் ஒன்றினால் மட்டும் ஒருவர் அதற்குரியவராகி விடமாட்டார். நோயாளியின் குடும்பம் ஏழையாயின், ஜக்காத் வாரியத்தில் மனுச் செய்ய அவர்களுக்கு நாம் உதவ வேண்டும். பொதுத் திட்டங்களுக்கு ஸதகாவும் வக்புமே தக்கவை. வக்பு என்றால் அது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பு. அவர்கள் வழியாகவே செய்ய வேண்டும்.

ஒரு ஜமாஅத்தில் முந்நூறு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் இரண்டு வெள்ளி. மாதம் 600 வெள்ளி. வருஷம் 7,200 வெள்ளி. இதைக்கொண்டு தொலைபேசி எண் பொறித்த கைவளையம் வாங்கலாம். கதவு திறந்தால் ஒலிக்கும் மணி பொருத்தலாம். வசதியற்ற வீட்டுக்கு இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரம் கொடுக்கலாம். இரவு பகல் கண் விழிக்கும் மகளோ மருமகளோ வாரம் ஒருநாள் ஓய்வு பெற, நம்பிக்கையான ஆள் ஒருவரை அமர்த்தலாம். கடைசியிற் சொன்னதே முதன்மையானது. களைத்துச் சோர்ந்தவரின் கண் மூடும் நேரத்தில்தான் கதவு திறக்கிறது.

பணம் கேளாத காரியங்களும் உண்டு. நோயை மறைக்காதீர்கள், அது வெட்கமுமல்ல, ஜின்னின் சேஷ்டையுமல்ல. ஓதிப் பாருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். மறதி நோய்க்கு மலேசிய அல்ஜைமர் அறநிறுவனமும், ஆட்டிசத்துக்கு நாசோம் சங்கமும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பணியாற்றுகின்றன. அண்டை வீட்டாரிடமும், தெருமுனைச் சாப்பாட்டுக் கடை ஊழியரிடமும் சொல்லி வையுங்கள். பின்னிரவிலும் விழித்திருப்பவர்கள் அவர்களே. அண்மையில் எடுத்த படம் ஒன்று கையில் இருக்கட்டும். காணவில்லையென்றால் உடனே போலீசில் சொல்லுங்கள். ஒருநாள் காத்திருக்க வேண்டும் என்று எவ்விதியும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் 1951-ல் தோன்றியது. இன்று அப்பகுதி நடைபாதைகளில் காலால் தடவி வழியறியும் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. கண்ணில்லாதவருக்காக ஒரு நகரம் தன் பாதையை மாற்றிக்கொண்டது. நினைவில்லாதவருக்குக் கல் உதவாது; மனிதர்தாம் உதவ வேண்டும். வழி தெரியாதவருக்கு வழி காட்டுவதும் ஸதகா என்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். அந்த ஸதகாவுக்குரிய இடம் நமது தெருவிலேயே இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் பெரியோரையும் பிள்ளைகளையும் உன் காவலில் வைப்பாயாக! அவர்களைக் காக்கும் கைகளுக்கு வலிமை தருவாயாக! அந்தக் கைகளில் எங்கள் கைகளையும் சேர்ப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.