பாடியவர் பொருள் யார் கையில்?

பொருள் தேடிப் புறப்படுதல் தமிழர்க்குப் புதிதன்று. பாலை கடந்து பொருள்வயிற் பிரிந்த தலைவனைச் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டியுள்ளன. நாமும் அவ்வாறு பிரிந்து வந்தவர்களே. முளா-முட்டா ஆற்றங்கரையில், ஒரு தலைமுறைக்கு முன்வரை வயல் சூழ்ந்த சிற்றூராக விளங்கிய கராடியில், இன்று விண்ணைத் தொடும் கணினி நிறுவனக் கட்டடங்களுக்கு இடையே நம் இல்லங்கள் அமைந்துள்ளன. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம்மை எதிர்கொள்ளும் முதல் வினா, "நலமா?" என்பது. அடுத்த வினா, "சம்பளம் எவ்வளவு?" என்பது. இந்த இரண்டாம் வினாவை நாம் விரும்புவதில்லை. ஆயினும் அதையே பிறரைப் பற்றி எழுப்புவதில் நமக்குச் சலிப்பு ஏற்படுவதும் இல்லை. தொலைக்காட்சியில் ஒரு பெண் நடிக்கிறார். அழகாகப் பாடவும் செய்கிறார். பாட்டு முடிவதற்குள், ஒரு நாளைக்கு அவர் பெறும் தொகை என்ன, வீடுகள் எத்தனை, கார் எந்த வகை என்ற ஆராய்ச்சி நம் கூடத்தில் தொடங்கிவிடுகிறது.

பொருளைப் பற்றிக் கேட்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. வள்ளுவர் பொருளை இகழ்ந்தவர் அல்லர். அரசனது திறத்தைக் கூறுமிடத்தில், வருவாய்க்கு வழி காணுதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைத் தக்கவாறு பகுத்தல் என நான்கு படிகளை அவர் வகுத்துக் காட்டினார். நாட்டிற்கு உரைத்த இந்த அளவுகோல் ஒரு பாடகியின் பணப்பெட்டிக்கும் பொருந்தும். அவ்வாறு பொருத்திப் பார்க்கும்போது, "எவ்வளவு?" என்ற வினா சிறுத்துப்போய், "இந்த நான்கும் யார் கையில் இருந்தன?" என்ற வினா பெரிதாக எழுந்து நிற்கக் காண்கிறோம். மூன்று கலைச்செல்வியரின் வாழ்வைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாமவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். 1908 ஆம் ஆண்டில் வறிய குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக இருந்தபோது இரயிலில் பாடிக் காசு பெற்றவர் அவர் என்பர். நாடகக் குழுவில் சேர்ந்து, கொழும்பு வரை சென்று புகழ் ஈட்டினார். தம்மோடு மேடையில் ஈடிணையின்றிப் பாடிய எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933 ஆம் ஆண்டின் இறுதியில் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைப் புடைவை உடுத்து, இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டு, மேடையினின்றும் விலகி நின்றார்.

அந்நிலையில், 'நந்தனார்' படத்தில் நடிக்க வேண்டுமென அவரை வற்புறுத்தினர். வந்தவர்களை மறுத்து அனுப்புவதற்காகவே அவர் ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்றும், கேட்ட தொகையை அவர்கள் ஒப்புக்கொண்டனர் என்றும் கூறுவர். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம். ஆதலின் அவரது உறுதியும் குலையவில்லை. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆனால் அந்த இலட்சம் மட்டும் இன்றளவும் பேசப்படுகிறது.

நாம் அந்த எண்ணிக்கையை வியக்கிறோம். ஆனால் அதன் பின்னால் இருந்த நிலையை நினைத்துப் பார்ப்பதில்லை. கணவனை இழந்த பெண்ணுக்கு, மகன் இருக்கும்போதும் அவன் சொத்தில் ஆயுட்கால அளவிலான பங்கை 1937 ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கிற்று. முழு உரிமைக்கு 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தகைய நாளில், தம் குரலுக்குத் தாமே விலை கூறிய இளங்கைம்பெண் அவர். அந்த விலையில் பேராசையைக் காண்பவர் காணட்டும். நாம் காண்பது, 'இல்லை' என்று சொல்லும் உரிமையை. பின்னர் ஔவையாராகவும் (1953), கவுந்தியடிகளாகவும் (1964) அவர் திரையில் தோன்றியபோது, தாம் விரும்பிய வேடத்தையே ஏற்றார். மேலவை உறுப்பினராகவும் அமர்ந்தார். தம் ஊரில் தம் பெயராலேயே ஒரு திரையரங்கும் எழுப்பினார். காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்திற்கு வந்தபோது, உணவு பரிமாறிய பொன் தட்டையும் நாட்டுப் பணிக்கெனக் கேட்டுப் பெற்றார் என்றொரு செய்தி வழங்கி வருகிறது. எடுத்துக் கொடுக்கத் தம் வீட்டில், தம் உழைப்பில் வந்த பொன் தட்டு அந்த அம்மையாரிடம் இருந்தது என்பதே இங்கு நாம் நினைக்க வேண்டுவது.

இரண்டாமவர் நாம் வாழும் இப்பூனா நகரத்தோடு தொடர்புடையவர். கராடிக்கு நகரின் மறுகோடியில், இன்று திரைப்படக் கல்லூரி இயங்கும் வளாகத்தில், 1933 முதல் பிரபாத் படநிறுவனம் இயங்கியது. அதன் ஒளிவிளக்காகத் திகழ்ந்தவர் பாடகியும் நடிகையுமான சாந்தா ஆப்டே. முதியவர் ஒருவருக்கு ஏமாற்றி மணம் முடிக்கப்பட்ட பெண் அம்மணவாழ்வை ஏற்க மறுத்து நிற்கும் 'குங்கூ' (1937) என்ற மராத்திப் படம் அவர் புகழை நாடெங்கும் பரப்பிற்று. திரையில் மறுத்தவர் வாழ்விலும் மறுத்தார். 1939 ஆம் ஆண்டில் ஒப்பந்தம் பற்றி எழுந்த பூசலில், அந்நிறுவனத்தின் வாயிலிலேயே அமர்ந்து உண்ணாநோன்பு மேற்கொண்டார். அடுத்த ஆண்டே, 'நான் திரைத்துறைக்குப் போகலாமா?' எனப் பொருள்படும் தலைப்பில் மராத்தியில் ஒரு நூலும் எழுதினார். புகழ் போதும், கேள்வி வேண்டா என்ற உலகை நோக்கி, புகழ் வேறு, உழைப்பின் உரிமை வேறு என்று அவர் காட்டினார். மறுமொழி பெரிதாக வந்ததோ இல்லையோ, கேட்க வேண்டியதைக் கேட்டவர் அவர்.

இதே சாந்தா ஆப்டே தமிழ் கற்று, 1941 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சாவித்திரி' என்ற தமிழ்ப் படத்தில் நாயகியாக நடித்தார் என்பது பூனாவில் மராத்தி கற்று வாழும் நமக்கு இனிக்கும் செய்தி. அப்படத்தில் நாரதராக வந்தவரே நாம் காணும் மூன்றாமவர், எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார். அப்படத்திற்கு அவர் பெற்ற ஊதியம், கணவர் சதாசிவமும் எழுத்தாளர் ரா. கிருஷ்ணமூர்த்தியும் அவ்வாண்டு தொடங்கிய 'கல்கி' இதழுக்கு முதலாயிற்று. தமிழ் வாசகர் பல தலைமுறையாகச் சுவைத்த தொடர்கதைகளின் அடித்தளத்தில் ஒரு பாடகியின் வேடக்கூலி கிடக்கிறது.

'மீரா'வுக்குப் பின் அவர் திரையை விட்டு இசைக்கே தம்மை ஒப்படைத்தார். 1944 ஆம் ஆண்டில் கஸ்தூரிபா நினைவு நிதிக்கெனக் கச்சேரிகள் நிகழ்த்தியது முதல், மருத்துவமனை, கல்விக்கூடம், கோயில் என அவர் குரல் திரட்டித் தந்த நிதிக்கு அளவில்லை. 1974 ஆம் ஆண்டில் பொதுத்தொண்டுக்கான மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. நம் இல்லங்களில் விடியற்காலையில் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகையும் திருப்பதி தேவஸ்தானத்திற்கே போய்ச் சேர்ந்தது. 1998 ஆம் ஆண்டில் பாரத ரத்தினா விருது பெற்ற அவர், 2004 ஆம் ஆண்டில் எளிய வாழ்வோடு மறைந்தார்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. எந்தக் கச்சேரியை ஏற்பது, எவ்வளவு தொகை பேசுவது, எவருக்கு வழங்குவது என்பனவற்றைக் கணவரே பார்த்துக்கொண்டார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வள்ளுவர் வகுத்த நான்கனுள் முதலாவது மட்டுமே அம்மையாரின் கையில் இருந்தது என்றால், அந்தக் கொடையின் புகழ் யாருக்கு உரியது? 'இல்லை' என்று சொல்ல இயன்றவர் 'இந்தா' என்று கொடுப்பதுதானே கொடை?

நாம் பல காலம் இதனை எண்ணிப் பார்த்ததுண்டு. எளிதில் தீர்ப்பு வழங்கத் துணியவில்லை. இருவர் ஒருவரை ஒருவர் முழுதும் நம்பி வாழும் இல்லத்தில், எது யாருடைய முடிவு என்று வெளியே நிற்பவர் பிரித்துச் சொல்லல் அரிது. கணவரிடத்தில் அவர் காட்டிய நன்றியைப் பொய்யென்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. பணத்தைத் தொடாமலே வாழ்ந்ததில் அவருக்கு ஒரு விடுதலையும் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று சொல்லலாம். அவர் பொருளை நிர்வகித்த கை அதனை அறத்திற்குச் செலவிட்டது. அது அவர் பெற்ற பேறு. பேற்றை நெறியாகக் கொள்ளல் ஆகாது. கை தவறியிருந்தால், உலகம் போற்றிய அக்குரலுக்குக் கேட்பதற்கும் வழியிருந்திராது. அடக்கம் என்பது தானே மேற்கொள்வது; அடங்கிப்போதல் என்பது வேறு வழியின்மையால் நேர்வது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு, மறுக்கும் உரிமை இருந்ததா என்பதில்தான் உள்ளது.

இனி இந்த அளவுகோலை நம் வீட்டுக்குக் கொண்டு வருவோம். கராடியில் நம்முள் எத்தனையோ இல்லங்களில் மனைவியும் மகளும் மருமகளும் இரவு பகலாகக் கணினி முன் உழைத்துப் பொருள் ஈட்டுகின்றனர். அவர்தம் வங்கி அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது? ஊரில் மனை வாங்கும்போது பத்திரம் யார் பெயரில் எழுதப்படுகிறது? தம் தாய்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்ப, அவர் ஒருவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டியிருக்கிறதா? தொலைக்காட்சி நடிகையின் சொத்தை ஆராயும் கூடத்தில் இவ்வினாக்கள் எழுவதில்லை. எழுந்தால், தேநீர்க் கோப்பையோடு உள்ளே செல்பவரின் முகத்தை நாம் நிமிர்ந்து பார்க்க வேண்டிவரும்.

நம் விழாக்களில் சிறுமியர் பாடுகின்றனர். நாளை அவருள் ஒருவர் பெருமேடை ஏறக்கூடும். பரிசுத் தொகையும் வரக்கூடும். அந்நாளில் பெற்றோராகிய நாம் செய்யத்தக்கது, அதனை அக்குழந்தையின் பெயரில் சேர்த்து வைத்து, கணக்கையும் அவளுக்கே படித்துக் காட்டுவது. பாட்டுக் கற்பிக்கும் வயதிலேயே இதனையும் கற்பிக்கலாம். பிறருக்குக் கொடுக்க வேண்டுமென அவள் விரும்பினால், அவள் கையாலேயே கொடுக்கட்டும். கொடுக்க விரும்பாவிடில், அதற்காக அவளைக் குறை கூறாதிருப்போம்.

இலட்சம் கேட்ட சுந்தராம்பாளும், வாயிலில் அமர்ந்த சாந்தா ஆப்டேயும், வாரி வழங்கிய சுப்புலட்சுமியும் நமக்குப் பாட்டை விட்டுச் சென்றனர். அப்பாட்டைக் கேட்டு மகிழ்ந்த நாம், பாடியவரின் பொருளை எண்ணுவதைச் சற்றே நிறுத்தி, நம் இல்லத்தில் உழைப்பவரின் பொருள் அவர் கையில் இருக்கிறதா என்று எண்ணத் தொடங்குவோமாக.